தேசிங்கு கட்டாத கிஸ்தி

எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 'தி இமேஜ் ட்ராப்' 1992-ல் வந்தது. எம்.ஜி.ஆர் இறந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. தமிழில் பூ.கொ. சரவணன் அதை 'பிம்பச் சிறை' என்று மொழிபெயர்த்தார். நல்ல மொழிபெயர்ப்புதான், ஆனால் தலைப்பில் ஒரு சின்ன இடமாற்றம் நடந்துவிட்டது. ட்ராப் என்றால் பொறி. சிறைக்குள் ஒருவனை இழுத்துக்கொண்டுபோய்ப் போடுவார்கள். பொறிக்குள் எலி தானாகத்தான் போகும். உள்ளே மசால் வடை இருக்கிறது, அதனால் போகும். சிறை என்று சொன்னதும் வடை மறைந்துவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த வடையைப் பற்றியது.

பாண்டியன் கேட்ட கேள்வி இன்றைக்கும் நம்முடைய கேள்விதான். 1977-லிருந்து 1987 வரை எம்.ஜி.ஆர் ஆட்சி. அந்த ஆட்சியின் வரிச்சுமை ஏழைகள் தலையில் விழுந்தது, சலுகைகள் கிராமத்துப் பெரிய விவசாயிகளுக்கும் சாராய முதலாளிகளுக்கும் போனது, உரிமை கேட்டவர்களுக்குப் போலீஸ் பதில் சொன்னது. இதையெல்லாம் அவர் கணக்கோடு காட்டுகிறார். மதுவிலக்கில் பிடிவாதமாக இருந்த அரசு 1981-ல் கள்ளு, சாராயக் கடைகளைத் திறந்தது. 1983-ல் டாஸ்மாக் வந்தது. கூலிக்காரன் குடித்த காசு கஜானாவுக்குப் போனது. ஆனாலும் அதே கூலிக்காரர்கள் 1980-ல் ஓட்டுப் போட்டார்கள், 1984-ல் அவர் நியூயார்க்கில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபோதும் போட்டார்கள். ஆண்டிபட்டிக்குப் பிரசாரத்துக்கே வராமல் அவர் ஜெயித்தார். ஏன்?

பாண்டியனின் பதில் சினிமா. கிராம்ஷியிடமிருந்து வாங்கிக்கொண்ட கருவிகளை வைத்து, மக்களின் நடைமுறை அறிவுக்குள் ஏற்கெனவே இருந்த வீரன், வள்ளல், ஏழைப் பங்காளன் என்கிற உருவங்களைத் திரை எப்படி எடுத்துத் திருப்பிக் கொடுத்தது என்று விளக்குகிறார். கதைப்பாடல் நாயகர்களைப் பற்றிப் பேசும் பகுதிகள் இன்று படித்தாலும் கூர்மையானவை. ஆனால் புத்தகத்தை மூடி வைத்தபிறகு ஒரு நெருடல் இருக்கிறது. வரியைப் பற்றிய அத்தியாயத்தில் அத்தனை நுணுக்கமாகக் கணக்குப் பார்த்தவர், ஓட்டுப் போட்டவர்களும் தங்கள் அளவில் கணக்குப் பார்த்திருப்பார்கள் என்பதற்கு இடமே கொடுக்கவில்லை. அவர்கள் இருட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் குறையைப் பாண்டியன் தலையில் மட்டும் போடுவது அநியாயம். இது ஒரு நீண்ட மரபு. அதன் சொந்த ஊர் இங்கிலாந்து.

1867-ல் டிஸ்ரேலியின் சட்டம் நகரத்துத் தொழிலாளிகளில் பெரும்பகுதிக்கு ஓட்டுரிமை கொடுத்தது. டிஸ்ரேலி கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். நிலப்பிரபுக்களின் கட்சி, சர்ச்சின் கட்சி, அரசகுடும்பத்தின் கட்சி. அந்தக் கட்சி தொழிலாளிக்கு ஓட்டுக் கொடுத்தால் தற்கொலை செய்துகொள்ளப்போகிறது என்று பலரும் நினைத்தார்கள். 1874-ல் அதுவே ஜெயித்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டிஷ் தொழிலாளர்களில் சுமார் மூன்றில் ஒருவர் டோரிக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். டோரி என்பது கன்சர்வேட்டிவ்களின் பழைய செல்லப்பெயர், பாதி வசவு. இந்த மூன்றில் ஒருவர் இல்லாவிட்டால் அந்தக் கட்சி ஒரு தேர்தலைக்கூடத் தாண்டியிருக்காது.

இடதுசாரிகளுக்கு இது தொண்டையில் சிக்கிய முள். ராபர்ட் டிரஸ்ஸல் என்ற பெயரில் எழுதிய ராபர்ட் நூனன் ஒரு வீட்டுப் பெயிண்டர். அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து, 1914-ல் வெளிவந்த நாவல் 'தி ராகட் ட்ரவுசர்ட் ஃபிலான்த்ரபிஸ்ட்ஸ்'. கந்தல் கால்சட்டை போட்ட கொடைவள்ளல்கள். தங்கள் உழைப்பை முதலாளிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, அவன் நல்லவன் என்று சண்டைக்கும் வருகிற பெயிண்டர்களைப் பற்றியது. அதில் ஓவன் என்கிற தொழிலாளி ரொட்டித் துண்டுகளை வைத்துக்கொண்டு சுரண்டல் எப்படி நடக்கிறது என்று சக தொழிலாளிகளுக்குப் பாடம் நடத்துகிற இடம் புகழ்பெற்றது. அற்புதமான இடம்தான். ஆனால் படித்துக்கொண்டே போனால் ஓவனுக்குத் தன் தோழர்கள் மேல் இருக்கிற எரிச்சல் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. நாவலில் முதலாளியை விட முட்டாள் தொழிலாளிதான் அதிகம் திட்டு வாங்குகிறான். நம்ம ஊரில் தேர்தல் முடிவு வந்த ராத்திரி முகநூலில் வருகிற பதிவுகளைப் பாருங்கள். "ஐநூறு ரூபாய்க்கும் பிரியாணிக்கும் விலைபோன கூட்டம்." ஓவனின் பேரன்கள் எழுதுவது அது. என்ன, ரொட்டித் துண்டை வைத்துப் பாடம் நடத்தும் பொறுமை இவர்களுக்கு இல்லை.

1968-ல் ராபர்ட் மெக்கென்ஸியும் ஆலன் சில்வரும் எழுதிய 'ஏஞ்சல்ஸ் இன் மார்பிள்' இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. திட்டாமல் போய்க் கேட்டார்கள். டோரிக்கு ஓட்டுப் போடும் தொழிலாளிகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வகையினர், ஆளப் பிறந்தவர்கள் ஆளட்டும் என்று நினைப்பவர்கள். நல்ல குடும்பம், நல்ல படிப்பு, அவங்களுக்குத் தெரியாததா? இவர்களைத் தாழ்ந்துபோகிறவர்கள் என்று சொல்லலாம். இன்னொரு வகையினர் கணக்குப் பார்ப்பவர்கள். இந்தக் கட்சி எனக்கு என்ன கொடுத்தது, என்ன கொடுக்கும்? கொடுத்தால் போடுவேன், இல்லாவிட்டால் மாற்றிப் போடுவேன். இந்தப் பிரிவினை எனக்கு ரொம்பப் பயனுள்ளதாகப் படுகிறது. ஆனால் அவர்கள் நினைத்த மாதிரி இவர்கள் இரண்டு தனித்தனி ஆட்கள் இல்லை. ஒரே ஆளின் இரண்டு நோட்டுப் புத்தகங்கள். இதை எனக்கு விளக்கிக் காட்டியது ஆங்கிலப் புத்தகம் எதுவும் இல்லை. செஞ்சிதான்.

*

செஞ்சிக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஏழைகள் அரசனைப் பாடுவது பற்றிப் பேசவேண்டுமானால் தமிழ்நாட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த ஊரின் புகழ்பெற்ற ராஜா, ஊரை ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை.

சரித்திரம் சுருக்கமானது. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டையை, எட்டு வருஷ முற்றுகைக்குப் பின் 1698-ல் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் பிடித்தான். பிறகு புந்தேலா ராஜபுத்திரனான சொரூப் சிங்கை ஔரங்கசீப்பின் அரசு அங்கே வைத்தது. 1714-ல் அவன் இறந்ததும் மகன் தேஜ் சிங் வந்தான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டான். தேஜ் சிங் மறுத்தான். அதே வருஷம் அக்டோபரில் சண்டையில் செத்தான். இருபத்திரண்டு வயது என்பார்கள். அவனோடு சேர்ந்து அவன் நண்பன் மகபத் கானும் செத்தான். மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டையை உண்டாக்கினான் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. சி.எஸ். ஸ்ரீனிவாசாச்சாரியார் 1943-ல் எழுதிய செஞ்சி வரலாற்றில் இதெல்லாம் நிதானமாக வரும்.

இந்த வடநாட்டுப் பையன்தான் தேசிங்கு ராஜன். அவன் தாய்மொழி தமிழ் இல்லை, அவன் வீட்டுப் பழக்கம் இந்த ஊர்ப் பழக்கம் இல்லை, அவன் செஞ்சிக்கு ஏரி வெட்டினான் என்றோ சத்திரம் கட்டினான் என்றோ யாரும் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய கதைப்பாடல் பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விற்றது, தெருக்கூத்தாக விடிய விடிய நடந்தது. டெல்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்குகிறான். அந்தக் குதிரையே அவனோடு வருகிறது. சண்டைக்குப் போகும்முன் சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கப் போகிறான். சாமி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இவன் போகிறான். நண்பன் கல்யாணக் கோலத்தில் இருந்து எழுந்து வருகிறான். யாருக்குத்தான் பிடிக்காது!

பாட்டை ரசித்துக்கொண்டே ஒரு கேள்வியையும் கேட்கலாம். சண்டை எதற்கு? பாக்கிப் பணத்துக்கு. அந்தப் பணம் எங்கிருந்து வரவேண்டும்? செஞ்சிச் சீமையின் நெல்லிலிருந்து. நவாபுக்குக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் உழவனிடமிருந்து அது வாங்கப்பட்டிருக்கும். ராஜகிரி அடிவாரத்தில் இருக்கிற பெரிய களஞ்சியத்தைப் பார்த்தவர்களுக்கு இது உறைக்கும். அந்தக் கட்டடம் ஒரு அரசனின் வீரத்தால் நிரம்பவில்லை. தேசிங்கு கப்பம் கட்டமாட்டேன் என்றான், சரி. களஞ்சியத்துக்கு அளப்பவன் அளக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தால்? பாட்டில் அந்த ஆள் இல்லை.

ஒரு எளிய மார்க்சிய விமர்சகர் இங்கே பேனாவை மூடிவிடுவார். ஆளும் வர்க்கக் கதை, அடிமை மனோபாவம், முடிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் என்று யோசிக்கவேண்டும். கம்பெனிக்காலத்திலும் பிறகும் தென்னார்க்காட்டில் ரயத்துவாரிக் கிஸ்தி கட்டிக்கொண்டிருந்தவர்கள். மழை வந்தாலும் வராவிட்டாலும் தவணை வரும். தாசில்தார் வருவார், ஜப்தி வரும். அந்த மனிதர்களுக்கு, பாக்கி கேட்டு வந்தவனிடம் 'முடியாதுடா, போ' என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறிய ஒருத்தன் யார்? அவன் ராஜாவாக இருப்பது தற்செயல். அவர்களால் செய்ய முடியாததை அவன் செய்தான். அவர்கள் ராஜாவைப் பாடவில்லை, கிஸ்தி கட்டாதவனைப் பாடினார்கள். இது வெறும் பணிவு இல்லை. இதற்குள் கோபம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் ராஜாவின் வாயால்தான் பேசுகிறது. அதுதான் சிக்கல்.

இரண்டு நோட்டுப் புத்தகம் என்று சொன்னேன் அல்லவா. ஒரு நோட்டில் ராஜாவின் பெயர் போட்டிருக்கிறது. அதில் வரவு மட்டும்தான்: வீரம், கொடை, நமக்காகச் செத்தது. இன்னொரு நோட்டில் தாசில்தார் பெயர். அதில் பற்று மட்டும்: கிஸ்தி, அபராதம், லஞ்சம், லாட்டி அடி. இரண்டையும் எழுதுவது ஒரே கைதான், அதில் ஏமாளித்தனம் எதுவும் இல்லை. இரண்டு நோட்டும் மிகச் சரியாக எழுதப்பட்டவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்ப்பது மட்டும் நடப்பதில்லை. "தலைவருக்குத் தெரியாதுங்க, கீழ இருக்கிறவனுங்கதான் பண்றானுங்க." எம்.ஜி.ஆர் காலத்தில் டீக்கடையில் நின்றவர்கள் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள் இதை. ரஷ்ய விவசாயிகள் ஜார் மன்னனைப் பற்றிச் சொன்னதும் இதேதான்.

பழமைவாத அரசுகள் ஏழைகளிடம் உயிர் வாழ்வது இந்த இரண்டு நோட்டுக்கு நடுவே உள்ள இடைவெளியில் என்பது என் எண்ணம். நல்ல பழமைவாதி முதல் நோட்டைத் தன் கையால் எழுதுவான், இரண்டாவதை அடுத்தவன் கையால் எழுதவைப்பான். டிஸ்ரேலி 1875-ல் அமைதியான மறியலைச் சட்டபூர்வமாக்கினார், பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தார். தொழிலாளி கண்ணில் அது டிஸ்ரேலி கொடுத்தது. ஆலை முதலாளி கொடுமைக்காரன் என்றால் அவன் பெரும்பாலும் எதிர்க்கட்சியான லிபரல் கட்சிக்காரன். கனக்கச்சிதம்.

*

தமிழ்நாட்டில் இங்கிலாந்து அர்த்தத்தில் ஒரு கன்சர்வேட்டிவ் அரசு இருந்ததா என்றால், இருந்தது. 1952 ஏப்ரலில் பதவியேற்ற ராஜாஜி அரசு. பின்னாளில், 1959-ல், சுதந்திரா கட்சியைத் தொடங்கி அரசு பொருளாதாரத்தில் தலையிடக்கூடாது என்று வாதாடியவர் அவர். ஆக இது நான் ஒட்டுகிற முத்திரை இல்லை.

அந்த அரசு எப்படி உருவானது என்பது நம் இளம் வாசகர்களில் பலருக்குத் தெரியாது. முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார். எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? சுயேச்சைகளிடமிருந்தும் சின்னக் கட்சிகளிடமிருந்தும். வடதமிழ்நாட்டில் வன்னியர் இயக்கத்திலிருந்து பிறந்த இரண்டு கட்சிகள் அந்தத் தேர்தலில் நின்றிருந்தன. தென்னார்க்காட்டில், அதாவது செஞ்சி இருந்த மாவட்டத்தில், எஸ்.எஸ். ராமசாமிப் படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. 19 இடங்கள். வடஆர்க்காட்டுப் பக்கம் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. 6 இடங்கள். தேர்தலில் நிற்காத திமுக, திராவிட நாட்டுக் கோரிக்கைக்கு உறுதிமொழி கொடுத்த வேட்பாளர்களை ஆதரித்தது. அந்த ஆதரவு இவர்களுக்கும் கிடைத்தது. தேர்தல் முடிந்தது, மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில் வருவாய்த்துறை அமைச்சரானார். உழைப்பாளர் கட்சியின் படையாட்சியார் 1954-ல் காமராஜர் அமைச்சரவைக்குள் போனார். இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன.

கட்சிப் பெயரைப் பாருங்கள், உழைப்பாளர் கட்சி. அதற்கு அப்படியே இங்கிலாந்துப் பெயர் வைத்தால் லேபர் பார்ட்டி. பெயரளவில் தென்னார்க்காட்டில் லேபர் பார்ட்டி ஜெயித்தது!

இதைத் துரோகம் என்று எழுதுவது சுலபம், திமுக தரப்பில் அப்படித்தான் பார்த்தார்கள். நான் அதை ஒரு பேரமாகப் பார்க்கிறேன். மாணிக்கவேலு நாயக்கர் கையில் வந்தது நிலவரித்துறை. கிஸ்தி கட்டுகிற சமூகத்தின் ஆள், கிஸ்தியைப் பார்த்துக்கொள்ளும் நாற்காலியில். அதை வெறும் பதவி ஆசை என்று சொல்லிவிட முடியாது. அந்த அரசும் சும்மா இருக்கவில்லை. 1952 ஜூனில் உணவு ரேஷன் கட்டுப்பாட்டை நீக்கியது. அதே வருஷம் ஆகஸ்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. கம்யூனிஸ்டுகளை என் முதல் எதிரி என்று அறிவித்த முதல்வர்தான் பண்ணையாளுக்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டார். அந்த முரணில்தான் வடை இருக்கிறது. டிஸ்ரேலிக்கு எழுபத்தேழு வருஷம் கழித்து அதே சமையல்.

இந்தப் பேரத்தில் யார் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். உழைப்பாளர் என்ற சொல் ஒரு சாதியின் உழைப்பாளர்களோடு நின்றுவிட்டது. அதே வயல்களில் நாற்று நட்ட, ஏர் ஓட்டிய தலித் கூலிகள் அந்தப் பெயருக்குள் வரவில்லை. வர்க்கப் பெயர் போட்ட சாதிக் கட்சிகள் நம்மிடம் நிறைய உண்டு. இங்கிலாந்திலும் இதற்குச் சமமான ஒன்று இருந்தது. லிவர்பூலில் ஐரிஷ் கத்தோலிக்கத் தொழிலாளிக்கு எதிராகப் புராட்டஸ்டன்ட் தொழிலாளி டோரி பக்கம் நின்றது பல பத்தாண்டுக் கதை. பக்கத்துத் தெரு உழைப்பாளியைவிட மாளிகைக்காரன் நெருக்கமாகத் தெரிகிற வித்தை.

சரி, ராஜாஜி எப்படி விழுந்தார்? 1953-ல் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தால். பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் குடும்பத் தொழில். எதிர்ப்பவர்கள் வைத்த குலக்கல்வி என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அடுத்த வருஷம் ஏப்ரலில் ராஜினாமா. திட்டம் மோசமானது என்பதால் மட்டும் விழவில்லை என்று நினைக்கிறேன். மோசமான திட்டங்கள் எத்தனையோ ஓடியிருக்கின்றன. இந்தத் தடவை பற்று நோட்டில் முதல்வரே தன் கையால் எழுதினார். தாசில்தார் மேல் போட வழியில்லை. இரண்டு நோட்டும் ஒன்றாகிவிட்டன.

தாட்சருக்கும் இதேதான் நடந்தது. 1980-ன் வீட்டுவசதிச் சட்டம், நகராட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அந்த வீட்டையே தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ள வழி செய்தது. அவர் பதவி விலகுவதற்குள் பத்து லட்சம் வீடுகளுக்கு மேல் விற்றன. வாசல் கதவுக்குத் தனக்குப் பிடித்த பெயிண்டை அடிக்க முடிந்த தொழிலாளி, அதை தாட்சர் கொடுத்ததாக எழுதிக்கொண்டான். ஸ்டூவர்ட் ஹால் இதை முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர். 1979 ஜனவரியில், தாட்சர் பதவிக்கு வருவதற்கு முன்பே, அவர் எழுதிய கட்டுரையில் இடதுசாரிகளுக்குச் சொன்னதன் சாரம் இது: மக்களை மயக்கத்தில் இருப்பவர்கள் என்று சொல்லாதீர்கள், அரசாங்க அலுவலகத்தின் ஜன்னல் முன் அவர்கள் நின்ற வரிசை நிஜமானது, அந்த நிஜமான எரிச்சலைத்தான் வலதுசாரிகள் எடுத்துப் பேசுகிறார்கள். பாண்டியன் படித்த அதே கிராம்ஷியை ஹாலும் படித்தார். ஆனால் ஹால் வரிசையில் நின்றவனையும் கேட்டார். சுரங்கங்கள் மூடின, 1984-85 வேலைநிறுத்தம் தோற்றது, தாட்சர் 1987-ல் திரும்பவும் ஜெயித்தார். கடைசியில் அவரைக் கவிழ்த்ததில் தலைவரிக்குப் பெரிய பங்கு உண்டு. பிரபுவுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஒரே வரி. 1989-ல் ஸ்காட்லாந்தில், 1990-ல் இங்கிலாந்தில். அதே நவம்பரில் அவர் பதவி போனது. அவரும் பற்று நோட்டில் சொந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

இந்த விளக்கம் எல்லாப் பூட்டுக்கும் சாவி என்று சொல்லமாட்டேன். 2019-ல் போல்சோவர் மாதிரியான பழைய சுரங்கத் தொகுதிகள் டோரிக்குப் போனதில் பிரெக்ஸிட் இருக்கிறது, குடியேறிகள் மீதான பயம் இருக்கிறது. அதெல்லாம் வேறு நோட்டு. ஆனால் 1970-லிருந்து டென்னிஸ் ஸ்கின்னர் வென்றுவந்த அந்தத் தொகுதி 2019-ல் டோரிக்குப் போய், 2024-ல் லேபருக்கே திரும்பி வந்தது. ஐந்தே வருஷம். பொறியில் சிக்கிய எலி அப்படி வெளியே வராது.

செஞ்சியும் அப்படித்தான். 2001-ல் அதிமுக, 2006-ல் காங்கிரஸ், 2011-ல் பாமக, 2016-லும் 2021-லும் திமுக. கூட்டணிக் கணக்கு இதில் பாதியை விளக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2011-ல் மாநிலமே எதிர்ப்பக்கம் போனபோது பாமக வென்ற மூன்றே மூன்று இடங்களில் செஞ்சி ஒன்று. தேசிங்கைப் பாடுகிற ஊர் எந்த ராஜாவையும் நாற்காலியில் அதிக நாள் விட்டுவைப்பதாகத் தெரியவில்லை.

*

இப்போது பாண்டியனிடம் திரும்பலாம். 1987 செப்டம்பரில், எம்.ஜி.ஆர் ஆட்சியில், வன்னியர் சங்கம் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியது. வடமாவட்டங்கள் ஸ்தம்பித்தன. துப்பாக்கிச்சூடு நடந்தது. அந்தப் போராட்டத்தில் செத்தவர்கள் 21 பேர். விழுப்புரத்தைச் சுற்றிய ஊர்களில் இன்றும் அது நினைவுநாள். மூன்று மாசம் கழித்து, டிசம்பர் 24, எம்.ஜி.ஆர் இறந்தார். தமிழ்நாடே ஒப்பாரி வைத்தது, தென்னார்க்காடும் வைத்தது.

பிம்பப் பொறி என்ற விளக்கம் டிசம்பரைச் சொல்லும், செப்டம்பரைச் சொல்லாது. மயங்கிக் கிடக்கிறவன் மரத்தை வெட்டி ரோட்டில் போடமாட்டான். வர்க்க உணர்வு என்ற விளக்கம் செப்டம்பரைச் சொல்லும், டிசம்பர் வந்தால் தலையைச் சொறியும். இரண்டு மாசமும் ஒரே மனிதர்களுடையவை. செப்டம்பரில் தாசில்தார் நோட்டைத் திறந்தார்கள், டிசம்பரில் ராஜா நோட்டை. 1982-ல் வந்த சத்துணவு அந்த நோட்டில் இருந்தது. சோறு திரையில் விழுந்த பிம்பம் இல்லை. பிள்ளைகளின் தட்டில் விழுந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போனால் மத்தியானம் சாப்பிடலாம் என்பது ஒரு தாயின் கணக்கில் எத்தனை பெரிய வரவு என்பதைப் புரிந்துகொள்ள சினிமாக் கோட்பாடு தேவையில்லை. சாராயக்கடையும் சத்துணவுக் கூடமும் ஒரே கஜானாவின் இரண்டு கதவுகள். புருஷன் ஒரு கதவில் போட்டதில் ஒரு பங்கு பிள்ளைக்கு இன்னொரு கதவில் வந்தது. பாண்டியனின் வரி அத்தியாயத்தையும் சினிமா அத்தியாயத்தையும் இணைக்கிற பாலம் இதுதான். அவர் அதைக் கட்டவில்லை. இரண்டு அத்தியாயங்களும் இரண்டு நோட்டுகளாகவே அவர் புத்தகத்திலும் இருந்துவிட்டன.

அதனால் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றில்லை. எம்.ஜி.ஆர் என்றதும் பக்தி அல்லது கிண்டல் என்ற இரண்டே வழி இருந்த காலத்தில், அந்த ஆட்சியின் வரவுசெலவை மேஜையில் எடுத்து வைத்தவர் அவர். அந்த மேஜை இல்லாமல் இந்தக் கட்டுரை இல்லை. 2014-ல் அவர் இறந்தபிறகு அதே நேர்மையோடு அடுத்தடுத்த ஆட்சிகளின் இரண்டு நோட்டுகளையும் யாராவது புரட்டினார்களா என்று பார்த்தால், பட்டியல் ரொம்பச் சின்னது.

கடைசியாக ஒரு படம். 1960-ல் எம்.ஜி.ஆரே தேசிங்காக நடித்தார். 'ராஜா தேசிங்கு', டி.ஆர். ரகுநாத் இயக்கம். தேசிங்கும் அவரே, கூடவே சாகிற தாவூத் கானும் அவரே. கதைப்பாடலின் நட்பை இரட்டை வேஷமாக்கியிருந்தார்கள். செஞ்சியின் ஆகப்பெரிய கதை, தமிழ்நாட்டின் ஆகப்பெரிய நடிகர், கூட பானுமதி, பத்மினி, எஸ்.எஸ். ராஜேந்திரன். நாலு வருஷம் முன்பு வந்த 'மதுரை வீரன்' ஓடிய மாதிரி இது ஓடவில்லை. எம்.ஜி.ஆர் செத்தால் படம் ஓடாது என்று கோடம்பாக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை, மதுரை வீரனிலும் அவர் சாகிறார், அதுவும் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. வீரன் பிறப்பால் ராஜகுமாரன் என்று கதை சமாளித்தாலும், திரையில் அவனை எடுத்து வளர்ப்பது கலைவாணரும் மதுரமும், செருப்புத் தைக்கிற தம்பதியாக. அவன் மேல் உரிமை கொண்டாட அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. தேசிங்கு படத்தில் இரண்டு எம்.ஜி.ஆர் இருந்தும் இரண்டு பேரும் குதிரை மேல்தான் இருக்கிறார்கள். வெறும் ராஜாவாக இருந்தால் ஜனங்களுக்குப் போதாது. அவன் நோட்டில் தங்கள் வீட்டு வரி ஒன்றாவது இருக்கவேண்டும்.

போன வருஷம், 2025 ஜூலையில், செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில். பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இது ஒன்றுதான். இனி வருகிறவர்கள் சிவாஜியையும் ராஜாராமையும் கேட்பார்கள், ஊர்க்காரர்கள் தேசிங்கைச் சொல்வார்கள், அந்தச் சண்டை கொஞ்ச நாளைக்குப் போகும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் எல்லோருக்கும் தெரியும். நாலாவதாக ஒரு சின்னக் குன்று இருக்கிறது. அதன் பழைய பெயர் சக்கிலி துர்க்கம். தோல் வேலை செய்தவர்களின் பெயரில் ஒரு கோட்டை மலை. குதிரைக்குச் சேணமும் கடிவாளமும் வாளுக்கு உறையும் தோலில்லாமல் இல்லை, தேசிங்கின் குதிரைக்கும்தான். ஏன் அந்தப் பெயர் வந்தது என்று சொல்ல ஒரு பாட்டும் இல்லை.